நல்லம் என்று சொன்னவன்

கண்டக்குழி
10.11.2025

என் உயிர் மச்சான் பஸ்தியானுக்கு,

இங்கே நானும் அலீமாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். அங்கே பேசாலையில் நீயும் மகளும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க துஆக் கேட்கிறேன். உன் காது இரண்டும் எப்படி? கேட்டுப் பயனில்லை, உனக்குத்தான் கேளாதே. எஞ்சினுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் குந்தியிருந்து செவிடானவன் நீ. அதற்குத் தண்டனை, போனில் கதைக்க ஏலாமல் ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இந்த வயதில் பேனை பிடிக்கிறேன். எழுத்துப் பிழையை உன் பேரனைக் கொண்டு திருத்திக்கொள்.

ஒரு புதினம் சொல்கிறேன். நான் அரசாங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டேன். நோயால் தொழில் செய்ய ஏலாதவர்களுக்கு மாதம் ஒரு கொடுப்பனவு தருகிறார்களாம். சங்கு குளித்த கால் இரண்டும் மரத்துப் போய் நான் வீட்டில் கிடக்கத் தொடங்கி இரண்டு வருஷமாகப் போகிறதுதானே. கந்தோரில் வரிசையில் நிற்கத் தேவையில்லை, எல்லாம் இப்போது ஒன்லைன் என்றார்கள். இனாஸின் த்ரீவீலில் ஏறிக் கற்பிட்டிக்குப் போய் ஸஃப்னாவின் கொமினிகேஷன் கடையில் இருந்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. வாய்தான் கொஞ்சம் நீளம், எனக்குச் சரியான ஆள்.

"மாமா, தொழில் என்ன?"

"சங்கு குளிக்கிறது மகள்."

"அப்பிடி ஒண்டு இதில இல்ல. மீனவர் இரிக்கி, விவசாயி இரிக்கி, ஏனையவை இரிக்கி."

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் ஒரு 'ஏனையவை' என்று தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன் பார்.

பிறகு படம் பிடித்தாள். மூன்று தரம் பிடித்தும் சரிவரவில்லை. நான் பல்லைக் காட்டுகிறேனாம். "மாமா, வருத்தக்காரன் மாதிரி இரிங்களேன்!" என்று கத்தினாள். எப்படி இருப்பது? என் முகத்துக்கு அந்தத் தொழில் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு கேள்விகள். உதவியில்லாமல் எழும்ப முடியுமா? "எழும்பாம? அல்லாஹ் காவல்." ஐம்பது மீட்டர் நடக்க முடியுமா? "பள்ளிக்குத் தொழப் போறன் வாறன்தானே." உடம்பில் நோவு இருக்கிறதா? "அல்ஹம்துலில்லாஹ், நல்லம் மகள்." ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று அமர்த்திக்கொண்டே போனாள். அல்லாஹ் தந்த உடம்பைப் பற்றி முன்பின் தெரியாத ஒரு கம்பியூட்டர் பெட்டியிடம் முறைப்பாடு சொல்லலாமா மச்சான்? எங்கள் வாப்பா மௌத்தாகும் அன்று காலையிலும் சுகம் விசாரித்தவர்களுக்கு 'நல்லம்' என்றுதான் சொன்னார். லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது ஆள் இல்லை.

எல்லாம் அனுப்பிய பிறகு திரையில் ஒரு வட்டம் வந்தது. கடலில் குடை மாதிரி மிதக்குமே சொறிமுட்டை, அது மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே நின்றது. திரையின் நிறம் எட்டுப் பாகம் ஆழத்தில் வெயில் இறங்குமே, அந்த நீலம். பார்த்துக்கொண்டு இருந்தவனுக்குக் கடை மறைந்துவிட்டது. என் மூச்சு எனக்கே கேட்டது. மேலே வள்ளத்தின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது, நீ அதில் இருந்து கயிற்றைச் சுண்டுகிறாய். "மாமா, நித்திரையா?" என்று ஸஃப்னா தோளில் தட்டினாள். முடிந்ததாம். சொறிமுட்டையும் போய்விட்டது.

ஒருதரம் வந்து போயேன். அலீமாவும் சலாம் சொல்லச் சொன்னாள்.

உன்
மீராசாஹிப்


பேசாலை
22.11.2025

மீராசாஹிப்புக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று எழுதியதை வாசித்தேன். நல்லது.

இங்கே மழை. மருமகனுக்கு வலை பொத்திக் கொடுக்கிறேன். பேரன் தகரத்தில் மேளம் அடிக்கிறான், வீட்டில் எல்லோரும் ஏசுகிறார்கள், நான் மட்டும் நிம்மதியாக நித்திரை கொள்கிறேன். செவிடாக இருப்பதில் அப்படி ஒரு லாபம்.

கொடுப்பனவு கிடைக்கட்டும். வரச் சொல்லி எழுதியிருந்தாய். வலை வேலை நிறைய இருக்கிறது.

பஸ்தியான்


கண்டக்குழி
05.01.2026

அன்பு மச்சான் பஸ்தியானுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆ. உங்கள் நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் ஒன்றும் வரவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்கிறேன்.

மச்சான், எனக்குச் சுகமாகிவிட்டது! இரண்டு வருஷமாக டொக்டர்மாருக்கு ஏலாமல் போனதை அரசாங்கம் ஒரே ஒரு மெசேஜில் செய்து முடித்துவிட்டது. 'தங்களது விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் தொழில் செய்வதற்குத் தகுதியுடையவர்.' இனாஸிடம் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் தரமும் வாசித்தான். அப்படியென்றால் நாளைக்கே முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கட்டுமா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஸஃப்னாவிடம் போனேன். நான் சொன்ன பதில்களை அச்செடுத்து மேசையில் போட்டாள். எழும்ப முடியும், ஆம். நடக்க முடியும், ஆம். நோவு, இல்லை. பதினெட்டுக் கேள்விக்கும் நான் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குச் சொல்வது போலச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"நீங்க சொன்னதத்தான் மாமா நான் அமத்தினன்."

"நீ என்ட காலப் பாக்கல்லையா?"

"காலப் பாத்து அமத்த ஏலுமா? வாயாலதானே கேக்கச் சொல்லி இரிக்கி."

அது நியாயம்தான். ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாமாம். இந்த முறை நோய் வந்த காரணத்தை விபரமாக எழுத வேண்டும். என்னோடு தொழில் செய்த ஒருவர் கைப்பட ஒரு சாட்சிக் கடிதமும் தர வேண்டும். என்னோடு தொழில் செய்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். வேறு யார் என் வாயைச் சகித்துக்கொண்டு முப்பது வருஷம் இருப்பான்?

பகிடியை விட்டு ஒன்று சொல்கிறேன். அலீமா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்திருக்கிறாள். தில்லையடியில் ஒரு ஏஜென்சிக்காரன், மெடிக்கல் எல்லாம் முடித்து பாஸ்போர்ட்டும் அவன் கையில். நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை விமானம், இரண்டு வருஷ ஒப்பந்தம். மாம்புரித் தோட்டங்களில் அவள் மிளகாய் ஆய்ந்து கொண்டு வருவது போதவில்லை, வேறு என்ன செய்வாள்? எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. பக்கத்து வீட்டு றம்லா ஒரு நேரம் சோறு தருவாளாம். "நான் போனா நீங்க தனிய இரிப்பீங்களா?" என்று கேட்டாள். இந்த வாய் இருக்கிறதே, அது என்ன சொல்லியிருக்கும் என்று உனக்குத் தெரியும். "அல்ஹம்துலில்லாஹ், நான் நல்லம், நீ போயிட்டு வா." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கொடுப்பனவு வந்தால் போகமாட்டேன் என்கிறாள். ஆகவே சாட்சிக் கடிதத்தைச் சுணக்காமல் அனுப்பு. அலீமா சலாம் சொன்னாள்.

உன்
மீராசாஹிப்


பேசாலை
12.01.2026

மீராசாஹிப்,

என்ன சாட்சி எழுத?

நீ எனக்கு இந்த இரண்டு வருஷத்தில் பதினான்கு கடிதம் போட்டிருக்கிறாய். எல்லாம் தகரப் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். பதினான்கிலும் முதல் வரி நல்ல சுகம். நான் அரசாங்கத்துக்கு இவன் வருத்தக்காரன் என்று எழுதினால், உன் கையெழுத்திலேயே எனக்கு எதிராகப் பதினான்கு சாட்சி இருக்கிறது.

அலீமா சலாம் சொன்னதாகவும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறாய். அவள் சொல்லியிருக்க மாட்டாள். எனக்குக் காதுதான் போனது.

கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்கு நீ மூன்றாம் தரம் ஏறி வந்தபோது உன் முகம் சாம்பல் நிறம். வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். "எப்பிடி மச்சான்?" என்று கேட்டேன். அப்போது எனக்குக் கொஞ்சம் காது கேட்கும். "அல்ஹம்துலில்லாஹ், நல்லம், மற்ற டேங்கத் தா" என்றாய். தந்தேன். பதினான்கு பாகத்துக்கு இறங்கிப் போய் மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை.

கரையில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். ஏண்டா அவனை நாலாம் தரம் இறக்கினாய் என்று. சங்குக்கு ஆசைப்பட்டு என்று ஒருத்தன் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அலீமா சொன்னதை நான் எழுதமாட்டேன். நான் கேட்டேன், அவன் நல்லம் என்றான் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மயக்கம் தெளிந்து உனக்கு அறிவு வந்தால் சொல்லுவாய் என்று இருந்தேன். அறிவு வந்தது. நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நான் வள்ளத்தை விற்றுவிட்டு இங்கே வந்தேன்.

சாட்சி வேண்டும் என்றால் முதலில் எனக்கு உண்மையாக ஒரு கடிதம் எழுது.

பஸ்தியான்


கண்டக்குழி
17.01.2026

பஸ்தியான்,

முதல் வரியை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். இதுதான் முதல் வரி.

எனக்குச் சுகமில்லை மச்சான்.

எழுதிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று வாசல் பக்கம் பார்த்தேன். கோழி மட்டும்தான் நின்றது.

அலீமா விடிய ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் லுஹருக்குப் பிறகுதான் வருவாள். அந்த ஏழு மணித்தியாலத்தில் நான் எத்தனை தரம் விழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கதிரையைப் பிடித்து எழும்புவேன், கதிரையும் என்னோடு வரும். தவழ்ந்து போய்ப் பாயில் ஏறிக்கொள்வேன். அவள் வரும்போது தலையணையில் சாய்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு இருப்பேன். போன மாதம் கொதிதண்ணிக் கேத்தலைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதை அளந்துகொண்டு இருந்தேன். தோல் எரிந்த மணம் வந்த பிறகுதான் அது என் கால் என்று தெரிந்தது. அலீமாவுக்கு நுளம்புக் கடி என்று சொன்னேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு நுளம்பு. சலம் போய்ச் சாரம் நனைவதும் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதனால்தான் பள்ளிக்குப் போவதை விட்டேன். போகிறேன் என்று ஸஃப்னாவிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யை ஒரு பெட்டியிடம் சொன்னதால் பாவம் குறையுமா தெரியாது.

பகலில் ஜன்னல் திறந்திருக்கும். தென்னோலை நிழல் சுவரில் அசையும்போது வீடு மெல்லத் தண்ணிக்குள் இறங்கிவிடுகிறது. அலுமாரி கடலடியில் கல்லுப் பார் மாதிரி நிற்கும். நான் பாயில் மிதப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, பைத்தியம் என்பார்கள். என் கால் இரண்டும் இன்னும் மேலே வரவில்லை பஸ்தியான். அது அங்கேதான் நிற்கிறது, பதினான்கு பாகத்தில், சங்குகளுக்கு நடுவில். சில நேரம் அது நடக்கிறது எனக்குத் தெரியும். மணல் சில்லென்று இருக்கும். நான் இங்கே படுத்துக்கொண்டு அங்கே நடக்கிறேன். அந்த நேரம் நோவே இருக்காது. அலீமாவின் சைக்கிள் மணி கேட்டதும் தண்ணி வடிந்துவிடும்.

இனி அன்றைக்கு நடந்தது. நீ கேட்டாய். எனக்கு முழங்கை உடைவது போல நோவு, ஆழத்தில் இருந்து திரும்பத் திரும்ப ஏறினால் குளிகாரருக்கு வருகிற அந்த நோவு. இரண்டாம் தரம் ஏறும்போதே தொடங்கிவிட்டது. திரும்பக் கீழே போனால் நோவு விட்டுவிடும், அது எனக்குப் பழக்கம். முன்னும் பல தரம் அப்படிச் செய்திருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. நோவு போகட்டும் என்றுதான் இறங்கினேன், சங்குக்காக இல்லை. உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

பிறகு ஏன் சொல்லவில்லை? அலீமா உன்மேல் கோபமாக இருந்தாள். நீ தூரத்தில் இருந்தாய். அந்தக் கோபம் என்மேல் திரும்பினால் எனக்குக் கஞ்சி யார் தருவது? இவ்வளவுதான் மச்சான் காரணம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

நேற்று ஸஃப்னாவிடம் போய்ப் பதினெட்டுக் கேள்விக்கும் திரும்பப் பதில் சொன்னேன். நோய் வந்த காரணம் என்ற இடத்தில் வந்து நின்றாள்.

"உங்கட பிழை எண்டு எழுதினா தரமாட்டாங்க மாமா. வள்ளத்தில நிண்டவரு கவனிக்கல்ல எண்டு போடுவமா? அவரு இங்க இல்லதானே."

பிள்ளை என் நன்மைக்குத்தான் சொன்னாள். அலீமாவின் விமானம் ஒரு கணம் என் கண்ணுக்குள் வந்து போனது. பிறகு நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'வள்ளத்தில் இருந்த பஸ்தியான் என்னிடம் சுகம் கேட்டார். நோவை மறைத்து நல்லம் என்று சொன்னேன். அவர்மேல் குற்றம் இல்லை.' இதுதான் அதில் இருக்கிறது. அனுப்பும் பொத்தானை நானே அமர்த்தினேன்.

சாட்சிக் கடிதத்தைத் தனியாகச் சேர்க்கலாமாம், மாத முடிவு வரை. தருவதும் விடுவதும் உன் இஷ்டம். தராவிட்டாலும் நான் அனுப்பியது அனுப்பியதுதான்.

அலீமா சலாம் சொல்லவில்லை.

மீராசாஹிப்


பேசாலை
24.01.2026

மச்சான்,

உன் கடிதத்தை மகள் வாசித்தாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இடையில் நிறுத்திவிட்டாள். பிறகு நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

சாட்சிக் கடிதம் இதோடு இருக்கிறது. ஸஃப்னா என்ற பிள்ளை அதில் ஒன்றும் திருத்தக் கூடாது.

இனிக் கேத்தலை மேசையில் வை.

உன் பஸ்தியான்

(சாட்சிக் கடிதம்)

ஐயா,

நான் மீராசாஹிப் அவர்களோடு முப்பது வருடம் கடலுக்குப் போனவன். அவர் இறங்குவார், நான் வள்ளத்தில் நிற்பேன். கடைசி நாள் அவர் மேலே வந்து கவிழ்ந்து மிதந்தார். நான் குதித்துத் தனியே தூக்கி வள்ளத்தில் போட்டேன். கரைக்கு வரும் வரை அவர் தலை என் மடியில், ஒரு கையால் எஞ்சினைப் பிடித்தேன். அன்று முதல் அவரால் தொழில் செய்ய முடியாது.

தாங்கள் விசாரிக்கப் போனால் அவரிடம் சுகம் கேட்பீர்கள். நல்லம் என்று சொல்வார். அதை நம்ப வேண்டாம். நான் ஒருமுறை நம்பினேன்.

இப்படிக்கு
பஸ்தியான்


கண்டக்குழி
25.02.2026

என் மச்சான் பஸ்தியானுக்கு,

கால் அப்படியேதான். கேத்தல் மேசையில்.

எங்களுக்கு நோன்பு ஏழு. உங்களுக்கும் தவக்காலம் தொடங்கிவிட்டதாம். நீ இறைச்சியை விட்டிருப்பாய், நான் மருந்து குடிப்பதால் நோன்பையே விட்டேன். போன வருஷம் மருந்தை விட்டுவிட்டு நோன்பைப் பிடித்தேன், நல்லம் என்று காட்ட. இந்த வருஷம் வாசலில் இருந்து பகிரங்கமாகத் தண்ணி குடிக்கிறேன். போகிறவர்கள் பார்க்கிறார்கள். "வருத்தம்" என்கிறேன். பழக்கத்துக்கு வருகிறது.

தலைநோன்புக்கு ஒரு கிழமை முன்னால் கந்தோரில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து முதலில் கேட்டது, "எப்பிடி இரிக்கிறீங்க?" வாய் திறந்துவிட்டது மச்சான். 'அல்' என்ற வரைக்கும் வந்துவிட்டது. அவர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். "அல்ஹம்துலில்லாஹ், ஏலா சேர். ஒண்டுக்கும் ஏலா" என்றேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது. இரண்டும் உண்மை.

பிறகு அவர் நான் அனுப்பியதைச் சத்தமாக வாசித்து "இது நீங்க சொன்னதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். உன்னுடையதையும் வாசித்தார். அலீமா தேத்தண்ணிக் கோப்பையோடு அறை வாசலில் நின்றாள். அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போகும் வரைக்கும் அந்தத் தேத்தண்ணி அவள் கையிலேயே ஆறியது.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றை வைப்பாள், போவாள். நான் எவ்வளவோ பகிடி விட்டேன், சுவருக்கு விட்ட மாதிரி. மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போகாமல் இனாஸின் த்ரீவீலில் ஏறித் தில்லையடிக்குப் போனாள். பின்னேரம் அஸருக்கு வந்து ஒரு பொலித்தீன் பையை என் நெஞ்சில் போட்டாள். பாஸ்போர்ட்.

"காசு வரும் எண்டு மெசேஜ் வந்திச்சா?" என்று கேட்டேன்.

"வரல்ல. வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நல்லமா இரிக்கிற மனிசன விட்டுட்டுப் போகலாம் எண்டுதான் நான் வெளிக்கிட்டன். அந்த மனிசன் இந்த வீட்டில இல்லயே."

அதற்குப் பிறகு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கேத்தல் சுட்ட இடத்தைப் பார்த்தாள். "நுளம்பு" என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு வெளிச்சம் போதவில்லை. காலில் அவள் கை பட்டது எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் பார்த்துக்கொண்டு இருந்தேன். பார்த்துக்கொண்டு இருந்தால் தெரிகிற மாதிரித்தான் இருக்கிறது.

மனு இன்னும் பரிசீலனையில். ஸஃப்னா நாளுக்கு ஒருதரம் பார்க்கிறாள், வட்டம் சுற்றுகிறதாம். பெருநாளுக்குப் பிறகு தெரியும் என்கிறாள். கீழே அலீமா ஏதோ எழுத வேண்டுமாம். அவள் எட்டாம் வகுப்பு, என்னை விட மூன்று வகுப்புக் கூட. பேனையைப் பிடுங்குகிறாள்.

உன் மீராசாஹிப்

பஸ்தியான் நானாவுக்கு அலீமா எழுதுவது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவ்வளவு சனத்துக்கு நடுவில் நாலாம் டேங்கைக் கொடுத்த கை என்று உங்களுடைய கையைக் காட்டிச் சொன்னேன். அந்தக் கையால்தான் அவரைத் தூக்கி எடுத்தீர்கள் என்று இரண்டு வருஷம் கழித்து ஒரு உத்தியோகத்தர் வாசித்துத்தான் நான் அறிய வேண்டியிருந்தது. அல்லாஹ்வுக்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கேட்டது போதாது, நேரில் கேட்க வேண்டும்.

கற்பிட்டி பஸ்ஸில் வந்து கண்டக்குழிச் சந்தியில் இறங்குங்கள். எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள். சந்தியில் வந்து நிற்க இவருக்கு ஏலாது. நான் வந்து நிற்கிறேன்.

அலீமா